ஒட்டியாச்சா, ஓட்டியாச்சா?

ஞாயிற்றுக்கிழமை மாலை கணவரின் கைபேசியில் வந்து விழுந்த அந்த ஒரு வரியைப் புதன்கிழமை காலை வரை அவள் மனதுக்குள் படித்துக்கொண்டே இருந்தாள்.

அனுப்பியவன் அவளுடைய தம்பி. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறவன்.

"இன்னிக்கு நல்லா ஓட்டியாச்சு. அக்காகிட்ட சொல்ல வேணாம்."

முதலில் அப்படித்தான் படித்தாள். பிறகு, 'நல்லா ஒட்டியாச்சு' என்றும் இருக்கலாமே என்று தோன்றியது. அவன் அடிக்கிற எழுத்தில் ஒட்டுவதும் ஓட்டுவதும் ஒன்றுதான்.

ஒட்டினான் என்றால் ஒன்றுமில்லை. ஓட்டினான் என்றால் செத்தான்.

பந்தயத்தில் வண்டி குட்டிக்கரணம் அடித்துத் தலையில் அடிபட்டவன் அவன். பிழைத்ததே பெரிது. இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பார்வை போய்விட்டது. நேரே பார்த்தால் எல்லாம் தெரியும். இடப்பக்கம் யானை வந்து நின்றாலும் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தான். இனி ஓட்டுவதில்லை.

அதன் பிறகுதான் அவள் கணவரோடு சேர்ந்து குட்டிப் பந்தயக் கார்கள் செய்ய உட்கார்ந்தான்.

"சுழியை எடுத்துட்டேன்க்கா. இனிமே ஓட்டறதில்ல, ஒட்டறதுதான்" என்று அவன் சொன்னபோது வீடே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். ஒட்டுகிறவன் எதற்காக அக்காவிடம் மறைக்க வேண்டும்?

தெருவில் அவர்கள் வீட்டுக்குக் கண்ணு பல்லு வீடு என்று பெயர். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். அவர் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறவர். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களை மெழுகில் செதுக்கிப் பழகிய விரல்கள், மாலையானால் நகத்தைவிடச் சின்ன ஸ்டியரிங் செய்யும். மாத்திரை அட்டையின் தகட்டை நறுக்கி சீட் பெல்ட் ஆக்கும். நிஜக் காரில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. உள்ளங்கையில் நிற்கும்.

செய்து முடித்ததும் படம் எடுப்பார். அதுதான் அவருக்கு உயிர். உப்புத்தாள் ஒட்டிய பலகைதான் தார் ரோடு. கேமராவைப் பலகையோடு பலகையாக இறக்கி, அந்தக் குட்டி உலகத்தில் ஒரு மனிதன் நின்றால் அவன் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அங்கே வைப்பார். அவள் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து, டியூப்லைட் வெளிச்சத்தைக் காரின் வயிற்றுக்கு அடியில் திருப்பிவிடுவாள். படத்தைப் பார்க்கிறவர்கள், "இது எந்த ஊர்ப் பந்தயம்?" என்று கேட்பார்கள்.

அந்தப் புதன்கிழமை காலைதான் மாடல் கார்க்காரர்கள் குழுவுக்குப் படம் அனுப்பக் கடைசி நாள்.

"நீயே பாத்து ஒண்ணு எடும்மா" என்று மெமரி கார்டைக் கொடுத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனார். "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

கணினித் திரையில் படங்கள் தபால்தலை அளவில் வரிசை வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றிலும் அதே சிவப்புக் கார். தம்பியின் பட்டறையில் பழுது பார்க்க நிற்கிற, லாரிக் கம்பெனி முதலாளியின் பழைய ஒற்றை சீட் பந்தயக் காரை அளந்து அளந்து செய்தது. அதே எண், மூக்கில் அதே வெள்ளைப் பட்டை.

ஒரு படத்தில் அவள் விரல் நின்றது. பெரிதாக்கினாள்.

காரின் மீது மழைத்துளிகள்.

ஒருமுறை தெளிப்பானால் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு துளியும் அந்தக் காரின் மேல் டென்னிஸ் பந்து மாதிரி உட்கார்ந்துகொண்டது. "எதை வேணா சின்னதாக்கலாம்மா. தண்ணி மட்டும் மசியாது. அதுக்கு ஒரே அளவுதான்" என்று அன்றைக்கு அவரே கையை விரித்தார்.

இந்தப் படத்தில் தண்ணீர் மசிந்திருந்தது. பொடிப்பொடியாக, ஊசி குத்தினது போல.

"மழையெல்லாம் பெஞ்சிருக்கே?" என்று குரல் கொடுத்தாள்.

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது.

"எது?"

"சிவப்பு வண்டி மேல."

"ஓ, அதுவா. கிளிசரின். ஊசியால தொட்டுத் தொட்டு வெச்சேன்."

"எப்போ?"

"நீ கடைக்குப் போயிருந்தப்ப."

"அட்டை யார் பிடிச்சா?"

"சுவத்துல சாய்ச்சு வெச்சேன்."

அட்டை பிடிக்க ஆள் இல்லாமல் அவர் ஒரு படம் எடுத்ததில்லை. சுவரில் சாய்த்தால் சரிந்து வந்து காரை மூடும் என்று சண்டைக்கு வருகிறவர்.

வாயில் நுரையோடு வந்து அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார்.

"அது வேணாம். அழிச்சிடு."

"இத்தனை வருஷத்துல நீங்க எடுத்ததுலயே இதுதான் நல்லா இருக்கு."

"சரியா வரலம்மா. அழிச்சிடு."

குனிந்ததில் அவருடைய கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. மேலே தள்ளிக்கொண்டார். போன மாதம் அவள் செய்து கொடுத்தது. காதுக்குப் பின்னால் வளைவே இல்லாமல், குச்சி மாதிரி நேரான கம்பி வேண்டும் என்று கேட்டார். அதிலும் ஒரே மாதிரி இரண்டு ஜோடி. "வளைஞ்சிருந்தா காது புண்ணாகுது" என்றார். நாளெல்லாம் குனிந்தே வேலை செய்கிற மனிதர் நேர்க்கம்பி கேட்கிறாரே என்று அப்போதே அவளுக்கு வியப்பு. காது அவருடையது என்று விட்டுவிட்டாள்.

"அழிச்சாச்சு" என்றாள்.

தன் கைபேசிக்கு அனுப்பிக்கொண்ட பிறகுதான் அழித்தாள்.

கடையில் அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜையின் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் கைபேசியை வைத்துப் படத்தை மறுபடி பார்த்தாள்.

ஒரு துளி தண்ணீர் என்பது ஒரு லென்ஸ். தனக்கு எதிரே இருப்பதையெல்லாம் தலைகீழாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டு மேஜையில் வைத்த துளி என்றால் உள்ளே டியூப்லைட் தெரிய வேண்டும், வெள்ளைக் கீற்றாக. இந்தத் துளிகளுக்குள் கீற்று இல்லை. ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு வானம் தலைகீழாகத் தொங்கியது. அதன் ஓரத்தில் மயிரிழை மாதிரி மரங்கள்.

அவர்கள் வீட்டு மேஜைக்கு மேலே வானம் கிடையாது.

நிஜக் காரின் படம் இது. ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. அன்று இருவரும், "வெளிச்சம் நல்லா இருக்கு, மாடலை வெளியில வெச்சுப் படம் எடுக்கறோம்" என்று கிளம்பினார்கள். மழை நாளில் என்ன வெளிச்சம் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எத்தனை நாள் இப்படிக் கேட்காமல் விட்டோம்?

தபால்தலை அளவில் மாடலும் நிஜமும் அவருக்கே வித்தியாசம் தெரியாமல் போயிருக்கிறது. தான் செய்ததிலேயே தான் ஏமாந்திருக்கிறார். மறந்துபோய் அந்தப் படத்தையும் சேர்த்துத் தந்துவிட்டார்.

அவளுக்குத் தம்பியின் பார்வை ஞாபகம் வந்தது. விபத்துக்குப் பிறகு இதே கடையில் உட்கார வைத்து, "நேரா பாரு. என் விரல் தெரியறப்போ சொல்லு" என்று அவன் இடது காதுப்பக்கத்திலிருந்து விரலைக் கொண்டுவந்தாள். விரல் அவன் மூக்குக்கு நேராக வந்தபோதுதான், "இப்போ" என்றான்.

பந்தயத்தில் இடப்பக்கம் இன்னொரு வண்டி வந்தால்?

கடை முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே கிளம்பினாள்.

பட்டறையின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. தம்பி ஒரு கியர்பாக்ஸின் முன் குந்தி ஸ்பானரால் முடுக்கிக்கொண்டிருந்தான். அவள் அவனுடைய இடப்பக்கமாகப் போய் நின்றாள். கை நீட்டினால் தொடலாம். அவன் பாட்டுக்கு முடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு நட்டை அவன் முடுக்கி முடிக்கிற வரை அப்படியே நின்றாள்.

"எலுமிச்சை."

ஸ்பானர் கீழே விழுந்தது. சின்ன வயதில் அவன் தலை அளவைப் பார்த்து அவள் வைத்த பெயர்.

"ஐயோ! பேய் மாதிரி வந்து நிக்கறியே. எப்போக்கா வந்தே?"

"வந்து ரொம்ப நேரமாச்சு. உனக்கு இப்பதான் தெரியுது."

அவன் முகம் மாறியது. "டீ சொல்லட்டா?"

"அந்தத் தார்ப்பாயை எடு."

"எதுக்கு? எல்லாம் கிரீஸு. உன் புடவை..."

"நீ எடுக்கறியா, நான் எடுக்கட்டா?"

எடுத்தான். சிவப்புக் கார் தரையோடு படுத்திருந்தது. வீட்டு மேஜையில் தினம் பார்க்கிற பொருள் திடீரென்று வளர்ந்து வந்து நிற்பது போல இருந்தது அவளுக்கு. குனிந்து டயரைத் தடவினாள். விளிம்பில் ரப்பர் சுருள் சுருளாக உரிந்திருந்தது.

"ஓடின டயர்டா இது."

"இல்லக்கா. மாமா மாடல் டயரைத் தேய்ப்பாரே, ஓடின மாதிரி தெரியணும்னு. அது மாதிரி நானும் தேச்சுப் பாத்தேன்."

"உப்புத்தாள்லயா?"

"ஆமா."

"இவ்ளோ பெரிய டயரை?"

"பெரிய உப்புத்தாள்க்கா."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். கைபேசியை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"இந்தத் துளியைப் பாரு. வானம் தெரியுது. ஞாயித்துக்கிழமை வானம். கிளிசரின்னு உங்க மாமா சொல்றாரு. நீ உப்புத்தாள்ங்கற. ரெண்டு பேரும் சேந்து என்னைக் கேனைச்சின்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"நான் ஓட்டலக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா. உன் மேல ஆணையா நான் ஓட்டல."

பொய் சொன்னால் அவன் சட்டைப் பித்தானைத் திருகுவான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். இப்போது இரண்டு கையும் சும்மா தொங்கின. கண்ணுக்கு நேரே பார்த்தான். அவன் சொல்வது உண்மை என்று தெரிந்ததும் அவளுக்குப் பயம் குறையவில்லை. அதிகமானது. உண்மையைச் சொல்கிறவனுக்கு முகம் எதற்கு இப்படி வெளுக்கிறது?

அவன் பார்வை ஒரு நொடி அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது. அவள் போய் அலமாரியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு வெள்ளை ஹெல்மெட். புதுசு.

"இது யாருது?"

"என்னோடதுதான்."

பித்தானுக்கு விரல் போனது.

எடுத்து வந்து அவன் தலையில் கவிழ்த்தாள். குடத்துக்குள் எலுமிச்சம்பழம் போட்டது போல ஆடியது. பக்கவாட்டில் தட்டினாள், ஹெல்மெட் திரும்பியது, தலை திரும்பவில்லை.

"இது உன் தலைக்கு வாங்கினதில்ல."



கழற்றி வெளிச்சத்தில் பிடித்து உள்பக்கம் பார்த்தாள். பஞ்சு மெத்தையில், இரண்டு நெற்றிப்பொட்டுப் பக்கமும், ஒரு கோடு அமுங்கியிருந்தது. ஒல்லியாக, நேராக, பென்சில் வைத்து அழுத்தினது மாதிரி. ஹெல்மெட்டைப் போட்ட பிறகு கண்ணாடியைச் செருகிச் செருகி விழுந்த தடம். கொக்கி மாதிரி வளைந்த கம்பி அந்த இடுக்கில் நுழையாது. நேர்க்கம்பிதான் போகும்.

குச்சி மாதிரி நேரான கம்பி.

அவளே சூடு காட்டி நிமிர்த்தினாள். அவளே துடைத்து, பெட்டியில் வைத்து, சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

'நல்லா ஓட்டியாச்சு.' குறிலா நெடிலா என்றுதான் மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டாள். யார் ஓட்டியாச்சு என்று அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. அதை அவள் கவனிக்கவே இல்லை. தம்பி என்று தானாகவே நிரப்பிக்கொண்டாள்.

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எத்தனை தடவைடா?"

"ஒரே ஒரு தடவைன்னாருக்கா. வருஷக்கணக்கா இத்துனூண்டு ஸ்டியரிங்கை ஒட்டறேன், ஒரு தடவை பெருசைப் பிடிச்சுப் பாக்கறேன்னாரு. எனக்குப் பாவமா இருந்துச்சு. மெதுவா ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாரு. இறங்கல. இன்னொண்ணுன்னாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அப்புறம் நான் எண்ணறதை விட்டுட்டேன்."

"ரோட்டுல சைக்கிள்காரனுக்கு வழி விட்டு நிக்கற மனுஷன்டா அவரு. பின்னாடி ஹார்ன் அடிச்சா ஓரம் கட்டி மன்னிப்புக் கேக்கறவரு."

"அதான் எனக்கும் புரியல. உள்ள உக்காந்தா வேற ஆளு." குரலைத் தாழ்த்தினான். "நான் ஓட்டின காலத்துல ஒவ்வொரு வளைவுலயும் உள்ளுக்குள்ள பயந்துட்டேதான்க்கா ஓட்டினேன். அந்தப் பயம் போன அன்னிக்குத்தான் உருண்டேன். மாமாவுக்கு அது முதல்ல இருந்தே இல்ல. வளைவுக்கு முன்னாடி வேகம் குறைக்கச் சொல்லிக் கத்தறேன். சிரிக்கறாரு."

"இனிமே வண்டியைக் கொடுக்காதே."

"வண்டி என்னோடதா? லாரிக் கம்பெனி முதலாளி ஒரு நாள் வந்து பாத்துட்டாரு. அசந்துட்டாரு. ஞாயித்துக்கிழமை இவரையே ஓட்டச் சொல்லிட்டாரு."

"ஞாயித்துக்கிழமை என்ன?"

அவன் மறுபடி பித்தானைத் தேடினான். பித்தான் ஏற்கெனவே கையோடு வந்திருந்தது.

"தனியா இல்லக்கா. பந்தயம். மத்த வண்டிங்களோட."

வெளியே யாரோ இரும்புக் கம்பிகளை இறக்கினார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் அவள் கேட்டாள்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அவரே சொல்றேன்னாரு."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்."

அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் மேஜையில் குனிந்திருந்தார். புது மாடல் ஒன்றின் உள்ளே ஸ்டியரிங்கை ஒட்டிக்கொண்டிருந்தார். இடுக்கி நுனியில் அது எறும்புக்குச் செய்த வளையல் மாதிரி நின்றது. கை இம்மி அசையவில்லை. இந்தக் கையா? இதே கையா?

"சீக்கிரம் வந்துட்டே?"

"தலைவலி."

"மாத்திரை போட்டியா?"

அக்கறையாகத்தான் கேட்டார். அந்த அக்கறையையும் அவள் இப்போது புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சொல்லிவிட ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று நினைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை எங்கயாவது போலாமா? நாம ரெண்டு பேர் மட்டும்."

"இந்த ஞாயிறா?" இடுக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் தம்பி வரச் சொல்லியிருக்கான்மா. ஒட்டணும்."

குறிலை அவ்வளவு குறிலாக அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"ஒட்டணுமா?"

"ஆமா. ஒட்டணும்."

கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. புறங்கையால் தள்ளினார். மறுபடி வந்தது.

"குடுங்க, சரி பண்ணித் தர்றேன். நழுவிக்கிட்டே இருக்கு."

"வேணாம், இருக்கட்டும்."

"குடுங்கன்னா."

குரலில் என்ன இருந்ததோ, கழற்றிக் கொடுத்துவிட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குத் தன் கையைத் தாண்டி எல்லாம் புகை. பிளாஸ்டிக் தகட்டை வளைக்க அவர் வைத்திருந்த சூட்டுக்காற்று ஊதியை அவரது மேஜையிலிருந்தே எடுத்தாள். கம்பியின் பிளாஸ்டிக் நுனியைக் காற்றில் காட்டி, இளகியதும் கட்டைவிரலை அடியில் கொடுத்து அழுத்தினாள். கொக்கி மாதிரி வளைந்தது. அடுத்ததையும் வளைத்தாள். பச்சைத் தண்ணீரில் நனைத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, தானே அவர் முகத்தில் மாட்டிவிட்டாள்.

அவர் விரல் காதுக்குப் பின்னால் போனது. வளைவைத் தடவியது. அங்கேயே நின்றது.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் அவள் தேய்த்த லென்ஸ் இருந்தது.

"இப்போ நழுவாது" என்றாள். "தலைகீழா நின்னாலும் காதை விட்டு வராது."

"நல்லா இருக்கு" என்றார் அவர்.

 இடுக்கியை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். ஸ்டியரிங்கை இறக்கினார். அது கோணலாக ஒட்டிக்கொண்டது.

அவள் படுக்கையறைக்குப் போனாள். அவருடைய அலமாரியின் கீழ்த்தட்டில், மடித்த சட்டைகளுக்குப் பின்னால், அதே நேர்க்கம்பி போட்ட இரண்டாவது ஜோடியின் பெட்டி இருந்தது. கையில் எடுத்ததுமே எடை சொல்லிவிட்டது. இருந்தாலும் திறந்தாள்.

கண்ணாடி இல்லை. துடைக்கிற துணி மட்டும் ஒழுங்காக மடித்தபடி இருந்தது.

முன் அறையிலிருந்து அவர் குரல் வந்தது. சாதாரணமாக, தண்ணீர் கேட்பது போல.

"என்னம்மா தேடறே?"